மீதிப் பதினான்கு தோட்டாக்கள்

வேலு சார் இறந்துவிட்டார் என்ற செய்தி நம்முடைய ஏரிக்கரை நடை நண்பர்கள் குழுவில் ஒரு புதன்கிழமை காலை ஆறேகாலுக்கு வந்தது. நான் நம்பவில்லை. துக்கத்தில் மனம் ஏற்க மறுத்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நிஜமாகவே நம்பவில்லை. இதே குழுவில்தான் போன மாதம் உயிரோடு இருந்த ஒரு தலைமை ஆசிரியருக்கு ஆளாளுக்குக் கைகூப்பிய படம் போட்டு அஞ்சலி செலுத்தினார்கள். மனிதர் மத்தியானம் தூங்கி எழுந்து வந்து "எல்லோருக்கும் நன்றி" என்று பதில் போட்டார். அந்த அனுபவம் இருந்ததால், செய்தி போட்டவரை நான் கூப்பிடவில்லை. நேராக வேலு சாரின் எண்ணுக்கே போன் போட்டேன்.

அவர் மகள் கலைவாணி எடுத்தாள். "அங்கிள்" என்றாள். "அப்பாதான் எடுப்பாருன்னு நெனச்சீங்களா?" என்றாள். குத்தலாகக் கேட்கவில்லை. அழுது ஓய்ந்த குரல் அது. "இல்லம்மா, உறுதிப்படுத்திக்கலாம்னு..." என்று இழுத்தேன். செத்தவரின் எண்ணுக்கே போன் போட்டு, செத்தாரா என்று சரிபார்த்தவன் நான். சீ என்று இருந்தது.

நண்பர்களே, என்னைத் தெரியாதவர்கள் இதைப் படிக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன். முப்பத்தோரு வருடம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக க்ளெய்ம் விசாரித்தவன் நான். எரிந்த கிடங்கு, கவிழ்ந்த லாரி, காணாமல் போன நகை என்று யார் என்ன சொன்னாலும் அதில் எந்த இடம் பொய் என்று மோப்பம் பிடிப்பதுதான் என் பிழைப்பு. காய்கறிக்காரர் வணக்கம் சொன்னால்கூட இன்றைக்கு ஏன் சொல்கிறார் என்று யோசிக்கிற ஆள் என்று என் மனைவி சொல்வாள். தப்பில்லை, யோசிப்பேன். ஓய்வு பெற்ற பிறகு இந்த மூக்குக்கு வேலை இல்லாமல் இருந்தது. அந்த நேரத்தில்தான் வேலு சார் வந்து சேர்ந்தார்.

செம்பாக்கம் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு நாம் டீ குடிக்கிற கடையில்தான் முதலில் அவரைப் பார்த்தேன். கூட்டி வந்தவர் கீழ்க்கட்டளையில் இரும்புக்கடை வைத்திருக்கும் நம் முருகேசன் அண்ணன். "சார், இவுரு யாரு தெரியுமா? ஆப்பிரிக்கால யானைய சுட்டவரு" என்று பெருமையாக அறிமுகப்படுத்தினார். ஒல்லியான, எழுபது தாண்டிய மனிதர். டீ கிளாஸை வாங்கினதும் குடிக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கீறல் இருந்தது போல. கிளாஸை மாற்றிக் கொடுக்கச் சொன்னார். பிறகு முருகேசனைப் பார்த்து, "நான் சுடல முருகேசா. எத்தனை வாட்டி சொல்றது? சுடறவங்களுக்குத் தோட்டா பொறுக்கிக் குடுத்தேன். அவ்ளோதான்" என்றார்.

எனக்கு மூக்கில் வேர்த்தது. கதை விடுகிறவன் யானையைச் சுட்டேன் என்றுதான் சொல்வான். சுடவில்லை என்று சொன்னால் இரண்டே வழிதான். ஒன்று, உண்மை. இல்லாவிட்டால், ரொம்பக் கெட்டிக்காரப் பொய்யர். நான் இரண்டாவதை வைத்துக்கொண்டேன்.

அவர் சொன்ன வரலாறு இது. அனகாபுத்தூரில் தறி ஓட்டிய குடும்பம். பட்டாளத்தில் சேர்ந்து ஆயுதம் பழுதுபார்க்கும் பிரிவில் பதினைந்து வருடம். வெளியே வந்ததும் தெரிந்தவர் மூலமாகத் தான்சானியாவில் ஒரு வேட்டைக் கம்பெனியில் ஸ்டோர் வேலை. வெளிநாட்டுப் பணக்காரர்கள் அரசாங்க அனுமதிச் சீட்டோடு அங்கே வந்து யானை, சிங்கம், காட்டெருமை என்று சுட்டுவிட்டுப் போவார்கள். துப்பாக்கி அவர்களுடையது. எந்த மிருகத்துக்கு எந்தத் தோட்டா, அது இந்தத் துப்பாக்கியில் ஒழுங்காக ஏறி இறங்குமா என்று பார்த்துக் கொடுப்பது இவர் பொறுப்பு. இருபது வருடத்துக்கு மேல் அதே வேலை. திரும்பி வந்து அனகாபுத்தூரிலேயே இருந்தார். ஆற்றில் அந்தப் பெரிய வெள்ளம் வந்தபோது வீட்டுக்குள் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியதால், மகள் இருக்கும் செம்பாக்கத்துக்கு வந்துவிட்டார்.

"அப்போ பாஸ்போர்ட், போட்டோ, கம்பெனி குடுத்த சர்டிபிகேட் எல்லாம் வச்சிருப்பீங்களே?" என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"எல்லாம் வெள்ளத்துல போச்சு சார்" என்றார்.

வெள்ளத்தில் போச்சு! என் உத்தியோக காலத்தில் இந்த வாக்கியத்தை எத்தனை வாயிலிருந்து கேட்டிருப்பேன். இல்லாத ஃபிரிட்ஜ் வெள்ளத்தில் போகும், வாங்காத டிவி வெள்ளத்தில் போகும். ஆதாரம் கேட்டால் அதுவும் வெள்ளத்தில் போயிருக்கும். அன்று வீட்டுக்கு வந்ததும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, மேலே "வேலு" என்று எழுதினேன். பழக்க தோஷம்.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, மனிதர் பேசினால் டீ ஆறிப்போவது தெரியாது. ஒருநாள் முருகேசன் கேட்டார், "இன்னா சார், தோட்டான்னா தோட்டா. அதுல பொறுக்கறதுக்கு இன்னா கீது?" வேலு சார் தட்டிலிருந்த மசால்வடையைக் கையில் எடுத்தார். முனையில் ஈயம் தெரிகிற தோட்டா ஒன்று. உள்ளே போனதும் இந்த வடை மாதிரி அகலமாக விரிந்து அங்கேயே நிற்கும். அதற்கு சாஃப்ட் என்று பெயர். முழுக்க கெட்டி உலோகம் போர்த்தியது இன்னொன்று. விரியாது, வளையாது, நேராகப் போய்க்கொண்டே இருக்கும். அதற்கு சாலிட். யானையின் மண்டையில் எலும்பே ஓரடி கனத்துக்குத் தேன்கூடு மாதிரி இருக்கும், அதைத் தாண்டி மூளைக்குப் போக சாலிட்தான் வேண்டும்.

"அப்போ எதுக்கு பேஜாரு? எல்லாத்துக்கும் சாலிட்டே போட்டுக்கினு போவ வேண்டியதுதானே?" என்றார் முருகேசன்.

"சிங்கத்துக்கு சாலிட் போட்டா இந்தப் பக்கம் நொழஞ்சு அந்தப் பக்கம் போயிடும். சிங்கத்துக்கு விஷயமே தெரியாது. அது பாட்டுக்கு வந்துகிட்டே இருக்கும்" என்றார் வேலு சார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து நோட்டில் குறித்தும் கொண்டேன்.

காட்டெருமைக்குத்தான் தலைவேதனை என்பார். முதல் குண்டு சாஃப்ட், அடுத்ததெல்லாம் சாலிட். ஏன் முதலிலேயே சாலிட் கூடாது என்றால், மந்தையாக நிற்கும். ஒன்றைத் துளைத்துப் பின்னால் நிற்கிற இன்னொன்றையும் காயப்படுத்திவிடும். அடிபட்ட எருமை ஓடாது, புதரில் மறைந்துகொண்டு நமக்காகக் காத்திருக்கும். வெயிலில் ஜீப்பின் பானட் மேல் வைத்த தோட்டாவை அவர் தொடவே விடமாட்டார். சூட்டில் வெடிமருந்தின் வேகம் ஏறி, சுட்ட பிறகு தோட்டாவின் வெற்றுப் பித்தளைக்கூடு உள்ளேயே கவ்விக்கொள்ளும். அவர் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் உங்களுக்கும் நினைவிருக்கும். "பொட்டி மேல எழுதியிருக்கறத படிக்காதீங்க சார். உள்ள இருக்கறத எடுத்துப் பாருங்க."

அவர் சோதிக்கும் முறை இரண்டு. முதலில் ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் தோட்டாவை உருட்டுவார். முனை கோணலாக இருந்தால் ஆடும், தனியே வைத்துவிடுவார். பிறகு, சுடப்போகிற அதே துப்பாக்கியில், வெடிக்கச் செய்யும் ஊசியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு தோட்டாவையும் உள்ளே தள்ளி, பின்பக்கம் தாழ்ப்பாள் மாதிரி இருக்கும் போல்ட்டை மூடித் திறப்பார். ஒவ்வொன்றுக்கும் சடக் என்று ஒரு சத்தம். தாராளமாக மூடினால் பைக்குப் போகலாம். துளி பிகு செய்தாலும் வேண்டாம். "நூறுல தொண்ணூத்தொம்போது ஒழுங்காத்தான் இருக்கும் சார். எருமை அந்த நூறாவதுக்குத்தான் வரும்" என்பார். முருகேசன் கடைக்குப் போனால் நட்டு போல்ட்டைக்கூட உருட்டிப் பார்த்துதான் வாங்குவார். முருகேசன் தலையில் அடித்துக்கொள்வார்.

பாருங்கள், அவரும் சந்தேகப் பேர்வழி, நானும் சந்தேகப் பேர்வழி. ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான்தான் ஒட்டவிடவில்லை.

நோட்டு நிரம்பிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு அவருக்கு ஒரு போன் வரும். பெஞ்சிலிருந்து எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய் ஏதோ பாஷையில் பேசிச் சிரிப்பார். கூட வேலை செய்த சைதி என்பவர், காட்டில் தடம் பார்த்துச் சொல்லும் ஆள் என்றார். நான் ஒருநாள் செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் பின்னால் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஓர் எழுத்து புரியவில்லை. "புரியாத பாஷையை யாரும் பேசலாம். எதிர்முனையில் ஆள் இருக்கிறாரா என்பது தெரியாது" என்று நோட்டில் எழுதினேன். இப்போது படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயம் உண்மையிலேயே இடித்தது. டாக்டர் ஒருவரோடு போன எருமை வேட்டை பற்றி அவர் மூன்று தடவை சொன்னார். முதல் தடவை எருமை மூன்றாவது குண்டில் விழுந்தது. இரண்டாம் தடவை அடிபட்டு ஓடி மறுநாள் தண்ணீரில் செத்துக் கிடந்தது. மூன்றாம் தடவை கூடப்போன வேட்டை வழிகாட்டி ஒரே குண்டில் சாய்த்தார். ஒரே எருமை மூன்று விதமாகச் செத்தது. அது மட்டுமில்லை. அந்த எருமை வேட்டைக்கு முன்பு நடந்த கதைகளில் எல்லாம் சைதி ஓடிக்கொண்டே இருக்கிறார், மரம் ஏறுகிறார், ஆடுகிறார். அதற்குப் பின்பு நடந்த கதைகளில் சைதி முகாமின் கேட் அருகில் உட்கார்ந்தே இருக்கிறார். எழுந்து நிற்பதே இல்லை. ஆள் மாறாட்டமா, இல்லை ஆளே கற்பனையா? அகப்பட்டாயா என்று இருந்தது எனக்கு. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷமாக இருந்தது.

அடுத்து நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். நம் குழுவின் ஆண்டுக் கூட்டத்தில், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் ஒரு சிறிய மண்டபத்தில், வேலு சாரை ஆப்பிரிக்க அனுபவம் பற்றிப் பேசச் சொன்னோம். அவர் கண்ணாடித் தகடும் ஒரு டஜன் பென்சிலும் கொண்டுவந்து, உருட்டிக் காட்டிப் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். கேள்வி நேரம் என்றதும் நான் எழுந்தேன். நோட்டோடு எழுந்தேன்.

"வேலு சார், அந்த டாக்டரோட எருமை எப்படி செத்துச்சு? நீங்க மூணு விதமா சொல்லியிருக்கீங்க. தேதியோட குறிச்சு வச்சிருக்கேன்" என்றேன். சிலர் சிரித்தார்கள். விட்டேனா? "பாஸ்போர்ட் இல்ல, போட்டோ இல்ல. எல்லாம் வெள்ளத்துல போச்சு. வெள்ளத்துல போச்சுன்னு சொன்னவங்க எத்தனை பேரை நான் பாத்திருக்கேன் தெரியுமா?" என்றேன். சிரிப்பு பெரிதாயிற்று. அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது.

வேலு சார் கையிலிருந்த பென்சிலைக் கண்ணாடியில் ஒருமுறை உருட்டினார். அது ஓரம் வரை போய் நின்றது. "நீங்க கேட்டது சரிதான் சார். மூணும் பொய்தான்" என்றார். மைக்கை மேசையில் வைத்துவிட்டு, பென்சில்களைப் பொறுக்கிக்கொண்டு, கண்ணாடியைத் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து அவர் டீக்கடைக்கு வரவில்லை. ஏரியின் எதிர்க்கரையில் தனியாக நடப்பது தெரியும். முருகேசன் என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னா சார் நீ? மன்சன் கத சொன்னா கேட்டுக்கினு போவியா, கேஸ் போடுவியா? உன்னால ஒரு நல்ல மன்சன் அந்தாண்ட தனியா சுத்திகினு கீறாரு" என்றார். "அவரே ஒத்துக்கிட்டாரே" என்றேன் விறைப்பாக. ஜெயித்த ஆள் இல்லையா நான். ஆனால் அவர் ஒத்துக்கொண்ட விதம் எனக்குப் பிடிபடவில்லை. மாட்டிக்கொண்ட பொய்யர்கள் சத்தம் போடுவார்கள், சாட்சி கூப்பிடுவார்கள், கண்ணீர் விடுவார்கள். "நீங்க கேட்டது சரிதான்" என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை.

நாற்பது நாள் கழித்து ஒரு சாயங்காலம் என் வீட்டு மணி அடித்தது. வேலு சார், கையில் துணி சுற்றிய கண்ணாடி. காபி வேண்டாம் என்றார். கண்ணாடியைப் பிரித்து மேசையில் வைத்தார். "இது அங்க வச்சிருந்தது இல்ல சார். அத வர்றப்போ சைதிகிட்ட குடுத்துட்டேன். இது பல்லாவரம் சந்தைல வாங்கினது" என்று முதலிலேயே சொன்னார். பொய்யராக இருந்தால் இதுதான் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கண்ணாடி என்று சொல்லியிருப்பார். அதை அப்போதே கவனித்தேன். கவனித்தும் வாயைத் திறக்கவில்லை.

அன்று அவர் சொன்னது நான்காவது விதம்.

அந்த டாக்டர் தோட்டாவைக் கடையில் வாங்குகிறவர் இல்லை. தன் வீட்டிலேயே வெடிமருந்து அளந்து, குண்டு பொருத்தி, தானே செய்து எடுத்து வந்திருந்தார். இருபது தோட்டா. மற்ற வெள்ளைக்காரர்கள் வேலு சாரை "ஸ்டோர்" என்று கூப்பிடுவார்கள். டாக்டர் "மிஸ்டர் வேலு" என்று கூப்பிட்டார். ஸ்டோர் கூடாரத்துக்கே வந்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஃபிளாஸ்கிலிருந்து தன் கையால் டீ ஊற்றிக் கொடுத்தார். பிள்ளைகள் போட்டோவைக் காட்டினார். வேலு சார் உருட்டி, துப்பாக்கியில் ஏற்றி இறக்கி, ஆறு தோட்டா பார்த்தார். ஆறும் அற்புதமாக இருந்தன. ஏழாவதை எடுக்கும்போது டாக்டர் சிரித்துக்கொண்டே, நான் செய்ததில் நம்பிக்கை இல்லையா மிஸ்டர் வேலு என்று கேட்டார்.

"எனக்கு உடம்பெல்லாம் கூசிடுச்சு சார்" என்றார் வேலு சார். "அவ்ளோ பெரிய மனுஷன். நம்மள மதிச்சு டீ ஊத்திக் குடுத்திருக்காரு. அவர் கண்ணு முன்னாடியே அவர் கையால செஞ்சத சந்தேகப்படறது மரியாதையா? சொல்லுங்க. மீதிப் பதினாலையும் கண்ணால பாத்துட்டு பையில போட்டுட்டேன்."

இரண்டு நாள் கழித்து எருமை. முதல் இரண்டு தோட்டாவும் ஒழுங்காக வெடித்தன, எருமை காயத்தோடு புதருக்குள் போனது. சைதி முன்னால் தடம் பார்த்துப் போனார். எருமை பக்கவாட்டிலிருந்து வந்தது. டாக்டர் மூன்றாவது தோட்டாவைத் தள்ளினார். அதன் பித்தளைக்கூடு நடுவில் ஒரு மயிரிழை பருத்திருந்தது. போல்ட் மூடவில்லை. வழிகாட்டி ஓடிவந்து ஒரே குண்டில் சாய்ப்பதற்குள் எருமை சைதியைச் சுருட்டிப் போட்டுவிட்டது. சைதி உயிர் பிழைத்தார். வலது கால் முட்டிக்கு மேல் போயிற்று. கம்பெனி விசாரித்தபோது வேலு சார், இருபதையும் சோதித்தேன் என்று சொன்னார். டாக்டர் பதற்றத்தில் போல்ட்டைச் சரியாகத் தள்ளவில்லை என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

"ஒங்க மூக்கு சரியான மூக்கு சார்" என்றார். "ஆப்பிரிக்கா பொய் இல்ல. நான் சொன்ன அந்த 'இருபதும் பாத்தேன்'தான் பொய். அத மறைக்கத்தான் எருமைய மூணு வாட்டி சாவடிச்சேன். வாராவாரம் சைதிகூட பேசறேன். இந்த ஒண்ண மட்டும் சொல்ல வாய் வரல."

பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். "நீங்க கம்பெனிக்கு எழுதுவீங்களே ரிப்போர்ட்டு, அந்த மாதிரி இதுக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க. எங்க தப்பு, யார் தப்பு, எல்லாம் இங்கிலீஷ்ல. சைதிக்கு அனுப்பணும். நானே எழுதினா எனக்கு சாதகமா எழுதிடுவேன். இந்த விஷயத்துல என்னை நானே நம்பமாட்டேன் சார்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? காகிதத்தை எடுத்திருக்க வேண்டும். நான் கேட்டது: "டாக்டர் பேரு? விசாரணை நகல் ஏதாவது?" அவர் என்னையே பார்த்தார். "வெள்ளத்துல போச்சு சார்" என்றார் மெதுவாக. சரி, பார்க்கிறேன் என்றேன். மூன்று விதமாகச் சொன்னவர் நான்காவது விதமும் சொல்லலாம் இல்லையா? என் புத்தி அப்படித்தான் ஓடியது. கிளம்பும்போது கண்ணாடியை எடுத்துக்கொள்ளவில்லை. "இருக்கட்டும். ரிப்போர்ட்டு முடிஞ்சதும் வாங்கிக்கறேன்" என்றார்.

அதற்குப் பிறகு டீக்கடைக்குத் திரும்பி வந்தார். இரண்டு தடவை கேட்டார், "என்னாச்சு சார் நம்ம ரிப்போர்ட்டு?" "விசாரணை நடந்துகிட்டிருக்கு" என்று கிண்டலாகச் சொன்னேன். மூன்றாம் தடவை அவர் கேட்கவில்லை. பதினோரு வாரம் நான் ஆதாரத்துக்காகக் காத்திருந்தேன். புதன்கிழமை அந்தச் செய்தி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கலைவாணி வீட்டுக்குப் போயிருந்தேன். உறவுக்காரர்கள் நிறைய. ஒன்பது மணிக்கு, படத்துக்கு முன்னால் வைத்திருந்த வேலு சாரின் போன் அடித்தது. கலைவாணி திரையைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "சைதி தாத்தா அங்கிள். அவருக்கு யாரும் சொல்லல. எனக்கு அந்த பாஷையும் தெரியாது. இப்போ அழாம பேசவும் தெரியாது. நீங்க பேசுங்க" என்றாள்.

எடுத்தேன். வாசலுக்கு வந்தேன். எதிர்முனையில் ஆள் இருந்தார். வயதான, கரகரத்த குரல். வேட்டைக்கு வந்தவர்களிடம் கற்ற உடைந்த இங்கிலீஷ் அவருக்கு இருந்தது. நான் நண்பர் என்றேன், விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டார். பார்த்தேன், சுடுகாடு வரை போனேன் என்றேன். "சரியாகப் பார்த்தீர்களா? வேலு எப்போதும் இரண்டு முறை பார்க்கச் சொல்வான்" என்றார். நான் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த அழுகையைக் கேட்டுத்தான் அவர் நம்பினார்.

கொஞ்சம் பொறுத்து, வேலு உங்களிடம் சொல்ல நினைத்த ஒரு விஷயம் இருக்கிறது, நான் எழுதித் தருவதாக இருந்தேன், தாமதித்துவிட்டேன் என்றேன். டாக்டர், தோட்டா என்று ஆரம்பித்ததுமே அவர் குறுக்கிட்டார்.

"ஆறு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நான் கூடாரத்துக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தேன். எப்போதும் எண்ணுவேன். இருபது தோட்டா என்றால் இருபது சத்தம் கேட்க வேண்டும். அன்று ஆறுதான் கேட்டது."

தெரிந்துமா டாக்டருக்கு முன்னால் நடந்து போனீர்கள் என்று கேட்டேன்.

"அந்த டாக்டர் எனக்கும் டீ கொடுத்தார்" என்றார் சைதி. "எனக்கும் கேட்க வெட்கமாக இருந்தது."

இத்தனை வருடம் அதை ஏன் வேலுவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் எப்போது சொல்கிறானோ அப்போது நானும் சொல்லலாம் என்று இருந்தேன் என்றார். வாராவாரம் இரண்டு பேரும் அதைச் சுற்றியே சிரித்துப் பேசியிருக்கிறார்கள். நான் பதினோரு வாரத்துக்கு முன்பே இரண்டு பக்கம் எழுதியிருந்தால், வேலு சார் இந்தப் பதிலைத் தன் காதால் கேட்டிருப்பார். இதற்கு நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பேன், சொல்லுங்கள்.

அன்று மத்தியானமே உட்கார்ந்து எழுதினேன், பழைய படிவத்தின் வரிசையிலேயே. நடந்தது என்ன. காரணம் என்ன. தவறியவர் யார். அந்த இடத்தில் வேலு சாரின் பெயரை எழுதி, சைதி கொடுத்த அவர் பேத்தியின் போன் எண்ணுக்கு அனுப்பினேன். அடுத்த ஞாயிறு ஒன்பது மணிக்கு என் போன் அடித்தது. பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன், எல்லாம் சரி, ஆனால் தவறியவர் என்ற இடத்தில் என் பெயரையும் சேர்த்து எழுதுங்கள் என்றார் சைதி. சேர்த்தேன். ஆதாரம் என்ற இடத்தில், முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக, "தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நண்பர்களே, மண்டபத்தில் அன்று சிரித்தவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். உங்களைச் சிரிக்க வைத்தவன் நான். அவர் ஆப்பிரிக்கா போனவர். சைதி இருக்கிறார். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு வேப்பமரத்தடிக்குப் போவது நான்தான். முருகேசன் "இன்னா சார், ஆப்பிரிக்காவா?" என்று டீயைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். வேலு சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஞாயிற்றுக்கிழமை அழைப்பும், துணி சுற்றிய இந்தக் கண்ணாடியும்தான். கண்ணாடி என் மேசையில் இருக்கிறது. தினமும் துடைத்து வைக்கிறேன்.

ரிப்போர்ட் முடிந்துவிட்டது, சார்.